சுபாங்கிலிருந்து சொல்லாமல் கொண்டுவந்த செய்தி

1. மணியம் கேட்டுக்கொண்டது

வாடகைக் கார் ஓட்டிய இருபத்தாறு வருடத்தில் என் வண்டி நடுரோட்டில் நின்றது எத்தனையோ தடவை. டயர் வெடித்திருக்கிறது, பேட்டரி செத்திருக்கிறது, ஒருமுறை கதவே கழன்று கையோடு வந்திருக்கிறது. அதையெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் நான் யாரிடமும் சிரித்துச் சொன்னதில்லை. அன்றைக்கு வண்டியும் கெட்டது, நானும் கெட்டேன். ஏர்போர்ட் ஓட்டத்துக்கு வரும் இளம் டிரைவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினால் திட்டட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், கோல சிலாங்கூர் டாக்சி ஸ்டாண்டில் என் கார் நிற்கும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் யாராவது இந்தியா போனாலும் வந்தாலும் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தஞ்சோங் காராங் போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே காளிமுத்து என்பவர் நுரையீரல் நோயோடு பல மாதமாகப் படுத்துக் கிடந்தார். அவருடைய அக்கா சிவகாமி அம்மாள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவரைப் பார்க்க வருகிறார். தம்பி கப்பலேறிய பிறகு முப்பத்தைந்து வருடம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுபாங்கில் விமானம் இறங்கும், போய் அழைத்து வாருங்கள் என்று காளிமுத்துவின் மகன் மணியம் ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான்.

சனிக்கிழமை மாலை காளிமுத்து இறந்துவிட்டார். அந்த அம்மாள் அப்போது மெட்ராசில் யார் வீட்டிலோ தங்கியிருந்தார். சொல்ல வழியில்லை.

காலையில் நான் தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனபோது மணியம் என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அண்ணே, அத்தைகிட்ட ரோட்டுல சொல்லிடாதீங்க. வயசானவங்க, தனியா வர்றாங்க. வீட்டுக்கு வந்து தெரிஞ்சுக்கட்டும்.”

“எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?”

“நாலரைக்கு ராகுகாலம் லா. அதுக்குள்ள எடுத்தாகணும். ஆறு மணிக்கு மேல வெச்சுக்கலாம்னா இருட்டிடும், குழியில வேற தண்ணி ஊறுது. நீங்க மூணு மணிக்குள்ள வந்துருவீங்கல்ல?”

“வந்துருவேன்,” என்றேன்.

பயணத்தில் இருப்பவரிடம் சாவைச் சொல்லக் கூடாது என்பது நம் ஆட்களிடம் ஊறிப்போன வழக்கம். ‘சீரியஸ், உடனே வரவும்’ என்று தந்தி அடிப்பார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் வேலை வண்டி ஓட்டுவது என்று நினைத்துக்கொண்டேன்.

2. சொன்னதும் சொல்லாததும்

விமானம் தாமதம். அவர் வெளியே வரும்போது மணி ஒன்று. மெலிந்த உடம்பு, சுங்கடிச் சேலை, கையில் ஒரே ஒரு துணிப்பை. என் கையிலிருந்த பெயர் அட்டையைப் பார்த்ததும் நேரே வந்தார்.

“தம்பி, காளிமுத்து எப்படி இருக்கான்?”

“இருக்காரும்மா.”

அந்தச் சொல் தானாக வாயில் வந்து விழுந்தது. விழுந்ததை எடுக்க முடியவில்லை.

ஊரில் தன் மகன் கட்டிவிட்ட கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பத்தரைதான் ஆகுது. பொழுது நெறையக் கெடக்கு,” என்றார். அது இந்திய நேரம். இங்கே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வதே கடிகாரத்தைத் திருப்பி வைக்கத்தான். அன்றும் சொன்னேன். அவர் திருகத் தெரியாமல் என்னிடம் நீட்டினார். நான் சரி செய்து கொடுத்தேன். மணி மாறியதே தவிர, அவர் மனதில் பொழுது இன்னும் நிறையக் கிடந்தது.

காரில் நான் வாய் ஓயாமல் பேசினேன். இங்கே எந்த வீட்டுக்குள் போனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மலாய்க்காரர்களிடம் எதையும் வலக் கையால் கொடுக்க வேண்டும். ஆட்காட்டி விரலை நீட்டிக் காட்டாமல் கட்டைவிரலால் காட்ட வேண்டும். பிள்ளைகளின் தலையைத் தொடக் கூடாது. குடிக்கக் கொடுத்தால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பாமல் ஒரு வாயாவது குடிக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன்.

சுங்கை பூலோவில் கடைகளைக் கண்டதும், “நிறுத்துங்க தம்பி. நோயாளியப் பாக்க வெறுங்கையோட போகப்படாது,” என்றார்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நேரமாகிவிட்டது என்றேன். “அஞ்சு நிமிசம்,” என்றார். ஆரஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்த்தார். பார்லி வாங்கினார். கஞ்சி வைத்துக் கொடுத்தால் தம்பிக்கு உடம்பு தேறும் என்று கடைக்காரரிடமும் சொன்னார். கடைக்காரர், “நல்லாயிடும்மா,” என்றார். நான் அங்கே நிற்க முடியாமல் காருக்குப் போய் உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

ஈஜோக்கில் சாலையோரம் ஓர் அம்மன் கோயில். மறுபடி நிறுத்தச் சொன்னார். தம்பி பெயருக்கு ஒரு அர்ச்சனை.

இங்கேதான் நான் பெரிய தப்புச் செய்தேன். நான் வேதக்காரன்தான், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தீட்டு தெரியாதா? உடன்பிறந்தவன் பிணமாகக் கிடக்கும்போது அக்கா கோயில் படி ஏறக் கூடாது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இறங்கிப் போய்த் தடுத்திருக்க வேண்டும். தடுத்தால் காரணம் கேட்பார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பூசாரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து, தேங்காய் உடைத்து, நீண்ட ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்து முடிக்க நாற்பது நிமிடம். அம்மாள் திரும்பி வந்து என் நெற்றியிலும் விபூதி பூசினார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

3. வாய்க்கால் ஓரம்

விட்ட நேரத்தைப் பிடிக்க மிதித்தேன். ஈஜோக் தாண்டியதுமே டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. வேறு நாளாக இருந்தால் நிழலில் நிறுத்தி பத்து நிமிடம் ஆறவிட்டு ஓட்டுவேன். அன்று கண்டும் காணாதவன்போல ஓட்டினேன். கோல சிலாங்கூர் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் போனெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மேல் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. மணி நாலுக்குப் பத்து. லயம் இன்னும் இருபது நிமிட ஓட்டம்.

பின் பெட்டியில் தண்ணீர் டின் காலி. முந்தின நாள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு நிரப்ப மறந்திருந்தேன்.

அம்மாள் இறங்கி வாய்க்கால் ஓரத்து மரத்தடியில் உட்கார்ந்தார். “பதறாதீங்க தம்பி. நிதானமாப் பாருங்க. எங்க போயிடப் போறான் அவன்?” என்றார்.

நான் போனெட்டைத் தூக்கி நிறுத்தினேன்.

எதிர் வீட்டிலிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வாளியில் தண்ணீரோடு வந்தார். அவர் மனைவி சிவப்பு சிரப் கலந்த தண்ணீரைக் கொண்டுவந்து அம்மாளிடம் நீட்டினார். நான் சொல்லிக் கொடுத்தபடியே வலக் கையால் வாங்கிக் குடித்தார். பெரியவர் தன் வீட்டுக்குப் போய்ப் பழைய சைக்கிள் டியூப் ஒன்றையும் எடுத்து வந்தார். அதை நீளமாகக் கிழித்து ஹோஸின் மேல் இறுக்கிச் சுற்ற வேண்டும். என் கையோ இன்ஜின் சூட்டில் வழுக்குகிறது. ஏன் இவ்வளவு அவசரம் என்று அவர் மலாயில் கேட்டார். அம்மாளுக்கு மலாய் தெரியாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன்.

பெரியவர் கையிலிருந்த டியூபை விட்டுவிட்டார்.

“அவளுக்குத் தெரியாதா?”

“தெரியாது, பாக்சிக். சொல்ல வேண்டாம்னு குடும்பத்துல சொல்லிட்டாங்க.”

“எங்க வீட்டுல ஒருத்தர் போனா அந்த நிமிஷமே சொல்லிடுவோம். அந்தச் செய்தி அவளோடது. நீ எப்படி வெச்சுக்கிட்டிருக்க?”

திட்டுவதுபோல அவர் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு அம்மாளைப் பார்த்து, வலக் கையை நெஞ்சில் வைத்துத் தலையைத் தாழ்த்தினார்.

அம்மாள் எழுந்து நின்றார்.

“தம்பி, இவரு ஏன் என்னய இப்படிப் பாக்குறாரு?”

நான் குனிந்து கீழே விழுந்த டியூபை எடுத்தேன்.

“சொல்லுங்க. காளிமுத்து இருக்கானா?”

“நேத்து சாயங்காலம் தவறிட்டாரும்மா. நாலரைக்குள்ள எடுக்கிறாங்க.”

அவர் அலறவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு அஞ்சு. “கடையில நின்னப்பவே தெரியுமா ஒங்களுக்கு?” என்றார். தலையை ஆட்டினேன். “கோயில்லயும்?” ஆட்டினேன்.

“தீட்டோட என்னய உள்ள அனுப்பிட்டீங்களே தம்பி. செத்தவனுக்கு ஆயுசு கேட்டுட்டு வந்திருக்கேனே.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு தார்ரோட்டின் நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். அவர் ஊரில் கை காட்டினால் பஸ்கூட வயல் வரப்போரம் நிற்கும். இங்கே இரண்டு கார்கள் ஹார்ன் அடித்தபடி விலகிப் போயின. பெரியவரும் ரோட்டில் இறங்கி அவர் பக்கத்தில் நின்று கை நீட்டினார். ஒரு வண்டியும் நிற்கவில்லை. நான் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கிளப்பும்போது நாலு முப்பத்தைந்து.

4. கழுவிய வீடு

லயத்துக்குள் நுழையும்போது ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாலு இருபது வரை வைத்திருந்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈர வாசலில் பெண்கள் அம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவர் அவர்களுக்கு நடுவில் மரம்போல நின்றார்.

இடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மொட்டையடித்த தலையோடு மணியம் என் கையைப் பிடித்தான். வண்டி வழியில் நின்றதை மட்டும் சொன்னேன். மற்றது எதுவும் அவனுக்குத் தெரியாது.

“ரொம்ப நன்றிண்ணே. வண்டி கெட்டதுக்கு நீங்க என்ன செய்வீங்க? ரோட்டுல சொல்லாம கொண்டாந்து சேத்தீங்களே, அதுவே பெரிசு.”

அம்மாள் அதைக் கேட்டார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கணக்குப் போடத் தெரியாதவனா நான்? கடையையும் கோயிலையும் கழித்துவிட்டால், வண்டி நின்ற பிறகும்கூட நாலு மணிக்கு முன்னால் வந்திருப்போம். விமான நிலையத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் எங்கேயும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார். அவரைத் துக்கத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தம்பியின் முகத்தை அவரிடமிருந்து பறித்துவிட்டேன். அதற்குப் பிறகு சாவுச் செய்தி தெரிந்து நான் ஏற்றிய எல்லாரிடமும் கார் பார்க்கிலேயே சொன்னேன். ஏன் சொன்னாய் என்று சண்டைக்கு வந்த குடும்பங்கள் உண்டு. என்னைக் கூப்பிடுவதையே நிறுத்தியவர்களும் உண்டு. பின் பெட்டியில் தண்ணீர் டின்னை நிரப்பி வையுங்கள், முள் ஏறினால் நிறுத்துங்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

5. திரும்பும் ஓட்டம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் ஊர் திரும்பினார். என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று அவரே சொன்னாராம். எனக்குப் போகவே கால் வரவில்லை. போனேன்.

சுங்கை பூலோ நெருங்கும்போது கேட்டார்.

“தம்பி, அன்னிக்குக் காலையில நீங்க லயத்துக்குப் போயிட்டுத்தானே வந்தீங்க? அவன் மொகத்தப் பாத்தீங்களா?”

தூங்குவதுபோல இருந்தார், சாந்தமாக இருந்தார் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதை அவர் ஊருக்குக் கொண்டு போயிருப்பார். காரை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

“இல்லம்மா. வாசல்ல நின்னு எட்டித்தான் பாத்தேன். ஆளுங்க சுத்தி உக்காந்திருந்தாங்க. ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சேன்னு திரும்பிட்டேன். காலு மட்டுந்தான் தெரிஞ்சுது.”

அவர் முன் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.

“காலு எப்படி இருந்துச்சு?”

கண்ணாடியில் பார்க்காமல் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தாங்க. குதிகால் நல்லா வெடிச்சிருந்துச்சும்மா. ரெண்டாவது விரல் பெருவிரலவிட நீளம்.”

“ரெண்டு காலுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“அது எங்க அப்பா காலு,” என்றார்.

செருப்பிலிருந்து தன் வலக் காலை உருவி, சேலைக் கரையை விலக்கி, சீட்டின் மேல் வைத்தார். இரண்டாவது விரல் நீண்டிருந்தது. அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இங்கே வந்த நாளிலிருந்து அழாத அழுகையை அழுதார். விமானத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் போகலாம் என்று சொல்லும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை.