வெந்நீரில் வேகவைத்த ரப்பர் மீன்

என் மகளின் உடம்புக்குள் அது எவ்வளவு போயிருக்கும்?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் கேட்டேன். தடுப்பூசி போட வரும் நர்சம்மாவிடம் கேட்டேன். கல்லூரியில் என்னோடு வேதியியல் படித்து இப்போது திருச்சியில் ஆசிரியையாக இருக்கும் தோழியிடம் போனில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மீனை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கின் அடியில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. ஆனால் அதைச் சப்பியது நான் இல்லை, அவள்.

மீன் என்றால் ரப்பர் மீன். இளஞ்சிவப்பு நிறம், உள்ளங்கை அளவு, அமுக்கினால் கீச்சென்று கத்தும். வயிற்றில் சின்ன ஓட்டை. ரப்பர் என்று எல்லோரும் சொல்கிறோமே தவிர அது பிளாஸ்டிக்தான்.

அதைக் கொடுத்தவர் என் அண்ணன். மலையடிவாரத்தில், புளியஞ்சோலை ஆற்றில் குளிக்க வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் அவருக்கு ஒரு பொம்மைக்கடை இருக்கிறது. நீச்சல் டியூப், பந்து, வாத்து, மீன். நான் அங்கே பிறந்து, மேலே மலையில் வளப்பூர் நாடு என்னும் சிற்றூர்க் கூட்டத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். மகளுக்குப் பதினோரு மாதத்தில் மொட்டையடித்துக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு காதில் குத்தியதும் அவள் வீறிட்ட சத்தத்தில் ஆசாரியே கையை இழுத்துக்கொண்டார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து மீனை எடுத்து அவள் கண் முன்னால் ஒரு அமுக்கு அமுக்கினார். அழுகை நின்றது. மீனைப் பிடுங்கி வாயில் வைத்தாள். அடுத்த காது குத்தியதே அவளுக்குத் தெரியவில்லை.

"மாமன் மடியில உக்காந்தே மீனப் புடிச்சுட்டா பாரு!" என்று கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து தூங்கும்போதும் மீன், பால் குடிக்கும்போது ஒரு கையில் மீன். பல் முளைக்கிற நேரம் என்பதால் அதன் வாலைக் கடித்துக் கடித்து வெளுக்கச் செய்துவிட்டாள். அதற்கு ஒரு வாடை இருந்தது. புது மழைக்கோட்டை வெயிலில் விரித்தால் வருமே, அந்த மாதிரி. கொஞ்சம் இனிப்பாக, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. பிள்ளை வாயில் வைக்கும் பொருளைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அவர் சொன்னது பால் பாட்டிலை. நான் மீனையும் சேர்த்துக்கொண்டேன். தினமும் காலையில் விறகடுப்பில் குண்டான் வைத்துத் தண்ணீர் கொதித்ததும் மீனைப் போடுவேன். அது மிதக்கும், கரண்டியால் அமுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"ஏம்புள்ள, மீன் கொழம்பு கொதிச்சிருச்சா? எனக்கு ரெண்டு துண்டு போடு" என்பார் என் கணவர், மிளகுக் கொடிக்குப் போகிற வழியில்.

"சும்மா போங்க. கிருமி சாவ வேண்டாமா?"

"அதுக்குக் கிருமியே பரவால்லன்னு தோணுது. இந்த நாத்தம் நாறுது."

அவர் விளையாட்டுக்குச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இனி நடந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. மலையில் காலைத் தண்ணீர் கையில் பட்டால் விரல் மரத்துப்போகும். அடுப்பெரித்துச் சுட வைத்த வெந்நீரைக் கீழே கொட்டுகிற பழக்கம் இங்கே எந்த வீட்டிலும் கிடையாது. மரவள்ளிக் கிழங்கு கழுவவாவது வைத்துக்கொள்வோம். அப்படித்தான் நானும் மீனை வேகவைத்த வெந்நீரை அப்படியே வாளியில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, மகளைக் குளிப்பாட்டினேன். அதற்கு முன்னால் காலை நீட்டி அவளைப் படுக்க வைத்து உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தேய்ப்பேன். அவள் அசையாமல் இருக்க எண்ணெய்க் கையில் மீனைக் கொடுத்துவிடுவேன். குளித்து முடிப்பதற்குள் அதன் வயிற்றில் புகுந்த தண்ணீரைச் சப்பிச் சப்பி உறிஞ்சியிருப்பாள். வெந்நீரின் மேல் ரசத்தில் எண்ணெய் மிதப்பது போல மினுமினுவென்று ஒரு படலம் இருக்கும். தேங்காயெண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெய்க்கு அந்த மழைக்கோட்டு வாடை எப்படி வரும் என்று யோசிக்கவில்லை.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகக் கீழே போனோம். அவசரத்தில் மீனை மறந்துவிட்டோம். அலமாரியில் சீப்பு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி மேல் அது கிடந்தது. திரும்பி வந்து எடுத்தால் வரவில்லை. இழுத்தேன். சதையைப் பிய்ப்பது போல ஒரு சத்தத்தோடு வந்தது. கண்ணாடி மாதிரி கெட்டியான அந்த மூடி, மீன் கிடந்த இடத்தில் மட்டும் இளகிக் குழிந்து, செதில் செதிலாக அச்சு விழுந்திருந்தது. விரலை வைத்தேன். பிசுபிசுத்தது. பலாப் பிசின் என்றால் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் விட்டுவிடும். இது எண்ணெய் பட்டதும் விரலெல்லாம் பரவியது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வாடை போகவில்லை.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கல்லூரியில் படித்தது ஞாபகம் வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக்கை மிருதுவாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலப்பார்கள். அது பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருக்காது, ஊடே தங்கியிருக்கும், அவ்வளவுதான். சூடு பட்டால் வெளியே வரும். எண்ணெய் பட்டால் வெளியே வரும். தாலேட்டுகள் என்று பெயர் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சூட்டையும் நான்தான் கொடுத்தேன், எண்ணெயையும் நான்தான் கொடுத்தேன்.

மீனைக் கிழங்கு வெட்டும் கத்தியால் இரண்டாகப் பிளந்தேன். உள்ளே கறுப்பாகக் கொழகொழவென்று பூசணம். ஓரத்தில் தேங்கிய தண்ணீர் சளி போல நூலிழுத்தது. அந்தத் தண்ணீரைத்தான் அவள் குடித்திருக்கிறாள். புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அந்தக் கத்தியை இன்றுவரை சமையலுக்கு எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் போன் சிக்னல் கிடைக்காது. பஸ் நிற்கும் வளைவு வரை நடக்க வேண்டும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நின்று படித்தேன். உடம்பில் எது எப்போது வளர வேண்டும் என்று சொல்லி அனுப்புவது ஹார்மோன். இந்தப் பொருள்களில் சில அந்தச் செய்திக்கு நடுவில் புகுந்து குழப்பிவிடக்கூடும், சின்னப் பிள்ளைகளிடம் அதிகம் என்று ஒரு இடத்தில் இருந்தது. உள்ளே போனதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும் என்று இன்னொரு இடத்தில் இருந்தது. அதைப் படித்ததும் ஒரு நிம்மதி. ஆனால் தினமும் கொடுத்துக்கொண்டே இருந்தால்? மூன்றாவது இடத்தில் மரப் பொம்மை விற்றார்கள். போனை அணைத்துவிட்டேன்.

டாக்டரம்மா மகளை எடை பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கா. இதுக்கு இங்க டெஸ்ட் ஒண்ணும் கிடையாதும்மா. குடுக்கறத நிறுத்தியாச்சுல்ல? போதும்."

"போதுமாங்க?"

"போதும்னு நெனச்சுக்கோங்க."

அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. அண்ணன் கொடுத்த மீனில் என்ன கலந்திருந்தது என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியாது. மூடி இளகியதை வைத்துச் சொல்கிறேன். ஒருவேளை நான் மிகைப்படுத்துகிறேனோ என்றும் தோன்றும். உடனே மூடியை எடுத்துப் பார்ப்பேன். அச்சு அப்படியே இருக்கும்.

மகள் "மீ, மீ" என்று அழுதாள். துணி சுருட்டிக் கொடுத்தால் எறிந்தாள். கடைசியில் சில்வர் கரண்டியைக் கடித்துக்கொண்டு சமாதானமானாள். அதையும் கொதிக்க வைத்தேன், ஆனால் வெந்நீரை வாசலில் கொட்டினேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மலையில் கூட்டம் வரும். அண்ணன் அதற்காக வருடா வருடம் முன்கூட்டியே ஒரு மூட்டைப் பொம்மையைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, திருவிழாவுக்கு வந்து எடுத்துக்கொள்வார். இந்த வருடமும் மூட்டை வந்தது. வழக்கம்போல என் கணவர் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். மகள் படுக்கிற கட்டில். ஆடிச் சாரலுக்குக் கதவு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்ததால் அந்த இனிப்பு வாடை போர்வையில் ஏறிவிட்டது. நான் மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். பொம்மைகளில் இருக்க வேண்டிய ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒன்றிலும் இல்லை. செய்தவன் பெயரும் இல்லை. நூற்றுக்கணக்கான மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அமுக்கும்போதெல்லாம் கீச்சு கீச்சென்றன. கை பிசுபிசுத்தது. மூட்டையை இழுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் போட்டேன். பிறகு மாடு நக்கிவிடுமோ என்று பயந்து பாறை மேல் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன்.

அண்ணன் வந்தார்.

"அம்மிணி, மூட்ட எங்க? கட்டலுக்கடியில காணோம்."

"வெளிய பாற மேல இருக்குதுங்ணா."

"மழையிலயா? ஏன், மீனுக்கு நீச்சல் பழக்கறியா?"

நான் மூடியைக் காட்டினேன். அச்சைக் காட்டினேன். சூடு, எண்ணெய், ஹார்மோன் எல்லாம் சொன்னேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"பி.எஸ்சி. படிக்க வெச்சதுக்கு என் பொழப்புலயே பரீச்ச வெக்கிறியா?"

"மச்சான், மூணு மாசமா எனக்கும் இதே பாடந்தான். நான் பெயிலு" என்றார் என் கணவர்.

"ஊரே இதத்தான் விக்குது. நான் விக்கலைன்னா பக்கத்துக் கடைக்காரன் விப்பான்."

"உங்க மடியில உக்காந்திருந்தப்பத்தான் இவ மொத மொத இத வாயில வெச்சா, அண்ணா."

அவர் துவட்டுவதை நிறுத்தினார். "அந்த மீன் எங்க?"

"அறுத்துப் போட்டுட்டேன்."

"காது குத்துக்கு மாமன் குடுத்தத? கத்தியெடுத்தா?"

அறுத்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. மாமன் கொடுத்ததை எடுத்து வைக்கத்தான் வேண்டும், பழசானாலும் வீசக் கூடாது, இங்கே அப்படித்தான். நான் அதை அறுத்திருக்கிறேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அவர் எழுந்து மழையில் போய்த் தார்ப்பாயைத் தூக்கி ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்தார். வருடக்கணக்காக விற்கிறார், மோந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். உள்ளே வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார்.

"சரி, நான் இத விக்கல. தூக்கிட்டும் போகல. படிச்சவ நீ. இத என்ன பண்றதுன்னு நீ சொல்லு. கடையில இன்னும் மூணு மூட்ட கெடக்குது. நீ என்ன பண்றியோ அதயே நானும் பண்றேன். பொங்கல் லீவுக்கு ஜனம் வரும். அதுக்குள்ள சொல்லலைன்னா நான் வித்துத்தான் ஆவோணும்."

"சாப்டுட்டுப் போங்கண்ணா."

"பசியில்ல." மகளின் கன்னத்தைத் தொடப் போனவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மாமன் வாரேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு வாசலில் இறங்கினார். அந்தத் திருவிழாவில் அவர் பலூனும் காத்தாடியும் விற்றதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது போன் செய்யும்போதெல்லாம் அவருடைய முதல் கேள்வி, "மூட்டய என்ன பண்ணுன?" எரிக்கலாம் என்றார் கணவர். இந்தப் பிளாஸ்டிக்கை எரித்தால் வரும் புகை அதைவிட மோசம். அது எங்கள் கூரையைச் சுற்றித்தான் நிற்கும். புதைத்தால் மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகும், ஓடை கீழே பிள்ளைகள் குளிக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும். குப்பை வண்டியில் போட்டால் வளைவில் கொட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். பழைய சாமான் வாங்க வந்தவர், "குடும்மா, உருக்கறவங்க இருக்காங்க" என்றார். உருக்கி என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "செருப்பு, பொம்ம, ஏதாவது" என்றார். மூட்டையை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பினால் வேறு ஊர்த் திருவிழாவில் வேறொரு பிள்ளை வாயில் அது போகும்.

மூட்டை இன்னும் பாறை மேல்தான் இருக்கிறது. வெயில் அடிக்கிற நாளில் அதன் வாடை சமையலறை வரை வருகிறது. நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாவு கிளறுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படிப்பட்ட பொம்மைகளை, இன்னொரு பிள்ளையின் கைக்கோ மூச்சுக்கோ தண்ணீருக்கோ போகாமல் ஒழித்திருக்கிறீர்களா? எங்கே கொடுத்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் அதை என்ன செய்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். மலையிலிருந்து இறங்கி எவ்வளவு தூரம் என்றாலும் கொண்டுபோகிறேன். பொங்கலுக்கு முன்னால் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.