டில்லிக்குப் போன திராட்சைத் தோட்டம்

கேஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, துணிப்பையை அடுத்தவர் காலடியில் தள்ளிவிட்டுத்தான் சுருளிராஜன் எந்த பஸ்ஸிலும் உட்காருவார். போன வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, கம்பத்திலிருந்து டில்லிக்குப் புறப்பட்டபோதும் அப்படித்தான். கண்டக்டரிடம், "சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போறேன்" என்றார். கண்டக்டர் மதுரைக்கு டிக்கெட் கிழித்தார்.

சுருளிப்பட்டிக்காரர். வயது ஐம்பத்தெட்டு. சட்டையில் காப்பி சிந்தினால்கூட எதிராளியின் சதி என்பார். அந்த எதிராளி கூடப் பிறந்த தங்கை ஜோதிலட்சுமி. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சையில் பாதி அவளுக்கு என்று தேனி கோர்ட்டிலும் சொல்லிவிட்டார்கள், மதுரை ஹைகோர்ட்டிலும் சொல்லிவிட்டார்கள். "பத்துப் பவுன் போட்டுக் கட்டிக்குடுத்தமுல்ல, பெறகென்ன பங்கு?" என்பது இவர் வைத்திருக்கும் சட்டம். புருஷனை இழந்த ஜோதிலட்சுமி அதே ஊரில் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் பழம் வெட்டுகிறாள். அவளுடைய பங்கு அண்ணனின் வேலிக்குள் காய்த்துத் தொங்குகிறது.

டில்லியில் இவருக்கு வாய்த்த வக்கீல் கர்ணன், ஆண்டிபட்டிக்காரர். முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.

"அண்ணே, இங்கன வர்ற கேஸை எல்லாம் எடுத்துற மாட்டாக. எடுக்கணுமா வேணாமான்னுதான் மொதல்ல பாப்பாக. கட்டை வீட்லயே படிச்சிட்டு வந்துருவாக. நெலம் யாருக்குங்கிறது அவுகளுக்கு முக்கியமில்ல. நாட்டுக்கே பொதுவா ஒரு கேள்வி இருக்கணும்."

"நாட்டுல தங்கச்சி இல்லாதவன் எவன் இருக்கான்? பொதுக் கேள்விதான."

"அதுக்கு எப்பவோ பதில் சொல்லிட்டாக. பொம்பளப் பிள்ளைக்கும் சம பங்குன்னு."

சுருளிராஜன் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காமல் இருப்பதில் அவருக்கு முப்பது வருடப் பழக்கம்.

திங்கட்கிழமை அவருடைய மனு பட்டியலில் நாற்பத்து மூன்றாவது. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து போனவர், கடைசி வரிசையில் நின்று செருமிக்கொள்வதற்குள் விஷயம் முடிந்திருந்தது. கர்ணன் எழுந்தார், வாயைத் திறந்தார், உட்கார்ந்தார். உத்தரவு இரண்டே வரி. ஏழு மாதம் தாமதமாக வந்ததை மன்னித்திருந்தார்கள். மனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் பலவேசத்தின் டீக்கடையில் விளக்கம் நடந்தது.

"ரெண்டு தீர்ப்பு குடுத்தாக. லேட்டா வந்தத மன்னிச்சுட்டாக, அது நம்ம பக்கம். இன்னொண்ணு அங்கிட்டு. பாதிக்குப் பாதி."

"பாதின்னா ஒங்களுக்குச் சம்மதந்தானா?" என்றார் பலவேசம். "அப்ப தங்கச்சி பாதியவும் குடுத்துருங்கண்ணே."

கடையே சிரித்தது. சுருளிராஜன் டீயில் சர்க்கரை கம்மி என்றார்.

அடுத்து மறுஆய்வு மனு. அதில் வக்கீலுக்குக்கூட வேலையில்லை. நீதிபதிகள் தங்கள் அறையிலேயே கட்டைப் பார்த்து முடித்துவிடுவார்கள். மனுவை எடுத்துக்கொண்டால்தான் எதிர்த்தரப்பைக் கூப்பிடுவார்கள். ஆகவே டில்லியில் நடந்ததும் நடப்பதும் ஜோதிலட்சுமிக்கு அண்ணன் வாயால்தான் தெரியவேண்டும். அந்த வாய், டீக்கடைப் பேச்சைக் கேள்விப்பட்டு அவள் வந்து விசாரித்தபோதும், "கேஸு இன்னும் நிக்குது" என்பதைத் தவிர எதையும் சொல்லவில்லை. அதை நம்பி அவளுடைய தேனி வக்கீலும் நிலத்தை அளந்து பிரிக்கக் கேட்கும் மனுவை மூலையில் போட்டுவிட்டார். இவர் உச்ச நீதிமன்றத்துக்கு வெளியே நின்று எடுத்த படத்தை லேமினேஷன் செய்து மோட்டார் ரூமில் மாட்டினார். மூன்று வெட்டு பழம் எடுத்தார். நாலாவதற்கும் கொடி நன்றாகவே பிடித்தது.

பதினைந்து மாதம் கழித்து, இந்தக் கார்த்திகையில் பழம் பெட்டி ஏறிக்கொண்டிருந்த காலையில், கூலிக்குப் போகிற வழியில் ஜோதிலட்சுமி வேலியருகே நின்றாள்.

"அண்ணே, டில்லில என்னதான் சொல்றாக? இந்த வெட்டுக்காச்சும் எம் பங்கு உண்டா?"

அந்த நேரத்தில்தான் அவர் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது. கர்ணன் அனுப்பியிருந்தார்: 'மறுஆய்வும் தள்ளுபடி. இனிப் போக இடமில்லை. தங்கச்சிக்கு அளந்து கொடுத்துருங்கண்ணே.'

உதடு அசைய முழுவதையும் படித்தார். போனைப் பெட்டியின் மேல் குப்புறக் கவிழ்த்தார். பிறகு, இருந்ததிலேயே கறுத்த ஒரு கொத்தைத் தேடி எடுத்து, வேலிக்கு மேலாகத் தங்கையிடம் நீட்டினார்.

"இந்தா, தின்னு பாரு ஆத்தா. இந்த வருசம் நல்ல இனிப்பு."