ஒச்சாண்டி முடிவு வரை பார்த்த படம்

டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்க்கிறீர்கள். திரையில் ஒருத்தி கைக்குழந்தையோடு காட்டில் அலைகிறாள். முதல் இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் ஒருவர் வந்து, "உனக்கு இவ்வளவுதான், எழுந்து போ" என்று சொன்னால் போவீர்களா?

ஒச்சாண்டி போவான். சின்னமனூருக்கு முதன்முதலாகக் கொட்டகை வந்த வருஷத்திலிருந்து அவன் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான்.

ஊருக்கு வெளியே ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் அவனுக்கு வேலை. கொடியை இறக்கிக் கட்டுவான், தண்ணீர் பாய்ச்சுவான், வெற்றிலை கிள்ளுவான். அடுத்தவன் வேலியிலிருந்து ஒரு சுரைக்காயைக்கூடப் பறித்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவன் பிரமலைக் கள்ளர் வீட்டில் பிறந்தவன். அந்தச் சாதி மொத்தத்தையும் சர்க்கார் குற்றப்பரம்பரை என்று எழுதி வைத்திருக்கிறது. மீசை அரும்பியதும் அவனுடைய விரல் ரேகைகளைப் பதிந்துகொண்டார்கள். அன்றிலிருந்து இராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஊர்ச் சாவடியில் ஏட்டு பேர் கூப்பிடும்போது, "இருக்கேன் சாமி" என்று சொல்லிவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். விடிந்தால்தான் வீடு. கல்யாணமான புதிதிலும் அப்படித்தான் படுத்தான். உலகத்தில் வேறெங்கோ நடக்கும் அக்கிரமங்களைப் படித்துப் பொங்குகிறவர்கள் நம்மில் உண்டு. கூப்பிடு தூரத்தில் ஒருவன் திருடாமலே தினமும் சிறைக்குப் போய்வருவது நமக்குப் பழகிவிட்டது.

கொட்டகையிலோ இருட்டினால்தான் படம். ஒரே மெஷின் என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முதல் இடைவேளைக்கே எழுந்து ஓட்டமும் நடையுமாகப் போனால்தான் ஒச்சாண்டி பேர் கூப்பிடும் வேளைக்குச் சாவடியை எட்ட முடியும்.

இப்படி முன்பாதிகளாகவே பார்த்துப் பார்த்து, சினிமாவைப் பற்றி அவனுக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் ஏற்பட்டிருந்தது. அதை அவன் சொல்லக் கேட்பவன் பீட்டர்ராஜ். ராயப்பன்பட்டிக்காரன், கொடிக்காலில் வெற்றிலைக் கூடைகளை ஏற்றிப்போகும் வண்டிக்காரன்.

"சினிமா எடுக்குறவுக வெவரமானவுக, பீட்டரு. நல்லவன் நெலத்த எழக்குறான், வீட்ட எழக்குறான், பொண்டாட்டி புள்ளைய எழக்குறான். ஏன்னு கேக்க நாதியில்ல. உள்ளத உள்ளபடி காட்டுறாக."

"அது பாதிக் கதை மாப்ள. கடைசியில எல்லாம் திரும்பக் கெடைச்சுரும்."

"யாரு குடுப்பா?"

"சாமி வரும்."

"எங்கன இருந்து?"

"மேல இருந்துதான். கயித்தக் கட்டி எறக்குவாக."

"நீ வேதக்காரன். எங்க சாமின்னா ஒனக்கு நக்கல்."

கெட்ட படம் என்று ஒச்சாண்டி தள்ளியவையும் உண்டு. பட்டினியில் கிடப்பவன் எழுந்து உட்கார்ந்து நீளமாகப் பாடினால் அது கெட்ட படம். "பசிச்ச வயித்துல அம்புட்டு மூச்சு எங்கன இருந்து வரும்? நமக்குப் பேசவே மூச்சு வாங்குது" என்பான். பணக்காரன் வீட்டு வேலைக்காரனைக் கோமாளியாக்கி ஓடவிட்டுச் சிரிப்பு மூட்டுகிற படங்களும் அவனுக்கு ஆகாது. கொட்டகையே சிரிக்கும்போது அவன் மணலைக் கிளறிக்கொண்டிருப்பான்.

அவன் மனைவி மாயக்காள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து முழுப் படமும் பார்ப்பவள். காலையில் அவன் சாவடியிலிருந்து வந்ததும் கூழை ஊற்றி வைத்துவிட்டு மிச்சக் கதையைச் சொல்வாள். "எல்லாரும் ஒண்ணு சேந்துட்டாக. ராசா மன்னிப்புக் கேட்டுட்டாரு" என்பாள். ஒச்சாண்டி தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். தன் மனம் நோகக் கூடாதென்று அவள் இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்பது அவன் எண்ணம்.

யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, அரிசிக்குத் தட்டுப்பாடு, படச்சுருளுக்கும் தட்டுப்பாடு. ஒருநாள் பீட்டர்ராஜ் வண்டியை அவிழ்க்குமுன்னே செய்தியைச் சொன்னான்.

"சர்க்காரு உத்தரவு மாப்ள. இனிமே படத்த நீளமா எடுக்கக் கூடாதாம்."

ஒச்சாண்டி வெற்றிலை கிள்ளுவதை நிறுத்தினான். "எம்புட்டுக் கொறைப்பாக?"

"சண்டை நீண்டா படம் குறுகும்."

"அப்ப சண்டை இன்னும் கொஞ்சம் நடக்கட்டும். நானும் ஒரு முடிவப் பாத்துட்டுச் சாகுறேன்."

படங்கள் குறுகின. அப்படியும் முதல் இடைவேளை அவனுக்கு முன்போலவே வந்தது. பேர் கூப்பிடும் வேளை தள்ளிப்போகவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஒரு சம்சாரியின் நிலத்தை லேவாதேவிக்காரன் ஒருவன் தன் கணக்கப்பிள்ளையை விட்டுப் பொய்ப் பத்திரம் எழுதிப் பிடுங்கிக்கொள்கிறான். கேட்கப் போன சம்சாரியைத் திருடன் என்று கட்டி வைத்து அடிக்கிறார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையோடு காட்டுக்குப் போகிறாள். அந்த இடத்தில் விளக்குப் போட்டுவிட்டார்கள். ஒச்சாண்டி எழுந்து சாவடிக்குப் போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாயக்காள் சொன்னாள்: "அந்த லேவாதேவிக்காரன் கடைசியில கால்ல விழுந்துட்டான்."

"எவன்டி விழ வச்சது?"

"அது… நீயே பாத்தாத்தான் நம்புவ."

அவனால் பொறுக்க முடியவில்லை. அந்த மாதிரி ஆட்களை விழவைக்க ஒரு வழி இருக்கிறது, அதைப் படமெடுப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், தனக்கு மட்டும் தெரியாமல் போகிறது என்று தோன்றியது. பொழுது சாய்ந்ததும் ஒரு கவுளி வெற்றிலையோடு ஏட்டின் முன்னால் போய் நின்றான்.

"ஏட்டையா, இன்னைக்கு ஒரு நாளு படம் முடியுமட்டும் இருந்துட்டு வரட்டா?"

ஏட்டு நல்ல மனநிலையில் இருந்தார். "போயிட்டு வா. ஒம் பேரு வாரப்ப நான் இருமிக்கிறேன். ஆனா வந்து கதையச் சொல்லிப்புடணும்."

அன்று முதல் இடைவேளைக்கு விளக்குப் போட்டபோது ஒச்சாண்டியின் கால்கள் பழக்கத்தில் தாமாக எழுந்தன. பீட்டர்ராஜ் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். இரண்டாம் இடைவேளையில் சுக்குக் காப்பி விற்றுக்கொண்டு வருவார்கள் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

முடிவும் வந்தது. காட்டுக் கோயிலில் அந்தப் பெண் நின்று பாடினாள். மின்னல் வெட்டியது. அட்டைத் தாமரையில் ஒரு சாமி இறங்கியது. பத்திரம் தானாகப் பற்றி எரிந்தது. லேவாதேவிக்காரன் காலில் விழுந்தான். கொட்டகை முழுவதும் கைகூப்பியது. பெண்கள் பக்கம் விசும்பல், அதில் மாயக்காளும்.

"இம்புட்டுத்தானா?" என்றான் ஒச்சாண்டி, எல்லாருக்கும் கேட்கும்படி. "பொய்ப் பத்திரம் எழுதுன கணக்கப்பிள்ள எங்கன போனான்? கட்டிவச்சு அடிச்சவுக எங்கன போனாக?"

முன்னால் சிவப்புத் துண்டு கட்டியிருந்த ஒருவர் திரும்பினார். "ஏலே, வாய மூடு. சாமி வந்திருக்கு."

"இம்புட்டு நேரம் எங்கன இருந்துச்சுன்னுதான் நானும் கேக்குறேன்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். நடுவிலிருந்த குட்டைச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் பிடி மணலை அள்ளி அவன் மேல் வீசினாள்.

திரும்பும் வழியில் அவன் தலையில் விழுந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "மொதப் பாதி எழுதுனவன் வேற, கடைசி எழுதுனவன் வேற, பீட்டரு. மொதல்ல எழுதுனவன் நம்ம ஆளு."

சாவடியில் டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. படம் நடந்த வேளையில் சின்னமனூரில் ஒரு வியாபாரி வீட்டுக் கதவை உடைத்து நகையை எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டரே நேரில் வந்து பேர் கூப்பிட்டிருக்கிறார். ஒச்சாண்டி பேர் வந்தபோது யாரும் இருமவில்லை. கதை கேட்கக் காத்திருந்த ஏட்டு தலை குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே கூண்டில் ஏறி, அவனுக்கு அனுமதி எதுவும் கொடுக்கவில்லை என்று பின்னால் சாட்சி சொன்னார்.

கொட்டகையில் இருந்தேன் என்றான் ஒச்சாண்டி. மாயக்காள் சொன்னதைப் பெண்டாட்டி சாட்சி என்றார்கள். பீட்டர்ராஜ் சொன்னதைக் கூட்டாளி சாட்சி என்றார்கள்.

"எசமான், முடிவ நான் சொல்லுறேன். பாக்காதவன் சொல்ல முடியாதுல்ல."

மாஜிஸ்திரேட்டு அனுமதித்தார். அவன் சாமி இறங்கியதைச் சொன்னான், பத்திரம் எரிந்ததைச் சொன்னான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவனோ, "கெட்ட படமுங்க. தப்புச் செஞ்சவுக யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று முடித்தான்.

சர்க்கார் தரப்பு அதிகாரி எழுந்தார். ஊரே கண்ணீர் விட்டுக் கும்பிட்ட காட்சி அது. நேரில் பார்த்தவன் எவனாவது அதைக் கெட்டது என்பானா? பெண்டாட்டி சொல்லக் கேட்டு ஒப்பிக்கிறான், பக்தி மட்டும் வரவில்லை என்றார். மாஜிஸ்திரேட்டும் அந்தப் படத்தைப் பார்த்தவர். தன் கண்ணும் கலங்கியதாகச் சொன்னார். ஒச்சாண்டி படம் பார்க்கவில்லை என்று அங்கேயே தீர்ந்துபோயிற்று. ஒரு மனிதனின் அபிப்பிராயத்தை அவன் பூட்டை உடைத்ததற்குச் சாட்சியாக்கினார்கள்.

இப்போது அவன் மதுரைச் சிறையில் இருக்கிறான். அப்பீல் போட்டாயிற்று. சாவடிக்கு வராத குற்றம் எப்படியும் நிற்கும், அந்தச் சட்டம் அப்படி. திருட்டுப் பழியையாவது உடைக்கலாம், அதற்கு உறவில்லாத சாட்சி வேண்டும் என்கிறார் வக்கீல். மாயக்காள் வீடு வீடாகப் போய்க் கேட்கிறாள். "பாத்தோம் ஆத்தா, ஆனா போலீசுக் காரியம்" என்று கதவைச் சாத்துகிறார்கள். ஒரு வீட்டில் அவளுக்கு மோர் கொடுத்தார்கள். சாட்சி கொடுக்கவில்லை. பார்க்கப் போனபோது கம்பிக்கு அப்பாலிருந்து ஒச்சாண்டி கேட்டது ஒன்றுதான்: "நான் படம் நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பாகளா?"

அன்று சின்னமனூர்க் கொட்டகையில் இருந்தவர்களில் ஒருவர் கையிலாவது இந்த எழுத்து கிடைக்கும். சிவப்புத் துண்டு கட்டியிருந்த ஐயா, மணலை வீசிய அம்மா, சிரித்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். உத்தமபாளையத்தில் வக்கீல் செல்வமணியிடம் இந்த வாரமே போங்கள். அந்தக் குரலைக் கேட்டோம், அந்த ஆளைப் பார்த்தோம் என்று சொல்லுங்கள். படத்தைப் பற்றி அவன் சொன்னதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம். அவன் அங்கே இருந்தான் என்பதை மட்டும் வாய்திறந்து சொல்லுங்கள்.