தட்டில் முப்பது சிலம்பன்கள்

அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றிருந்தபோது ஆய்வக உதவியாளர் கூப்பிட்டார். "மேடம், ஸ்டெல்லா மேடம் காலைல தவறிட்டாங்க. நாளைக்கு ஆவடியில அடக்கம்." வந்த ரயிலில் நான் ஏறவில்லை. நாங்கள் நான்கு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை என்பது விலங்கியல் துறையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவள் திருநின்றவூரில் ஏறி எனக்கும் இடம் போட்டு வைப்பாள். என் டப்பாவைத் திறந்து பார்த்து, "இந்தத் தயிர் சாதத்துலயும் ரெண்டு இனம் இருக்குன்னு சொல்லிடாதடி" என்பாள்.

கேலிக்குக் காரணம் என் முனைவர் பட்ட ஆய்வு. கல்லூரியில் பஞ்சடைத்துப் பாடம் செய்து வைத்திருந்த முப்பது சிலம்பன்கள், மழைக்காட்டுப் பறவைகள், ஒரே இனம் என்று எழுதப்பட்டிருந்தன. புருவக் கோட்டின் நீளத்தையும் அலகின் வளைவையும் வைத்து இரண்டு இனம் என்றேன் நான். சோதிக்கும் முறையை ஸ்டெல்லாதான் வகுத்தாள். ஒருவர் பிரித்து, நோட்டில் எழுதிவிட்டு, தட்டில் கலந்துவிட வேண்டும். மற்றவர் அந்த நோட்டைப் பார்க்காமல் பிரிக்க வேண்டும். "ஒருத்தி கண்ணு ஏமாத்தும். ரெண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி ஏமாத்தாது" என்றாள். முப்பதும் ஒத்துப்போயின. எனக்குப் பட்டம் கிடைத்தது.

சில வருடம் கழித்து ஒரு கருத்தரங்கில் அவள் கட்டுரை வாசித்தாள். அவை ஒரே இனம்தான், குட்டைப் புருவம் இளம் பறவைக்கு உரியது என்று. என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன்.

திரும்பும் ரயிலில் கேட்டேன், அன்றைக்கு எப்படி முப்பதும் ஒத்துப்போயின என்று. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன் நோட்டைப் பாத்துதான்டி பிரிச்சேன். நீ முடிக்கணும்ல."

அம்பத்தூரில் இறங்கினேன். அதோடு சரி.

அடக்கம் முடிந்து நேரே ஆய்வகம் போனேன். முப்பதையும் பிரித்து எழுதி, கலந்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து, நோட்டைத் திறக்காமல் மறுபடி பிரித்தேன். பிறகு நோட்டோடு ஒப்பிட்டபோது ஒன்பது பறவைகள் இனம் மாறியிருந்தன. பறவைகளைப் பற்றி ஸ்டெல்லா சொன்னது சரி. தட்டைப் பிரித்த அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தாங்க மாட்டேன் என்று அவளாக முடிவு செய்ததைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவள் வகுத்து, எனக்காக அவளே மீறிய அந்த முறையை நான் வைத்துக்கொள்கிறேன். இனி தட்டுக்கு எதிரில் உட்கார ஆள் இல்லை. ஒரு வாரம் விட்டு நானே வந்து உட்காருகிறேன்.