அண்ணை எங்கை, அக்கா?

2013ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், லூயி-பிளாங் தெருவில் இருக்கிற ஒரு பயண முகவர் கடைக்காரர் இத்தாலிக்கு மூன்று நாள் பஸ் பயணம் ஒழுங்கு செய்திருந்தார். ஜெனோவாவுக்குப் பக்கத்தில், கமோலி என்று ஒரு பழைய கடலோர ஊர். நானும் மனைவியும் போனோம். பாரிஸுக்கு வந்து இருபது வருடமாகியும் நாங்கள் பார்த்த வெளியூர்கள் என்றால் லூர்து மாதா கோயிலும் ஜெர்மனியில் நாலு கலியாண மண்டபமும்தான்.

பஸ்ஸில் மைக் இருந்தது. மைக் இருக்கிற இடத்தில் நான் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. எந்த விழாவுக்குப் போனாலும் 'அவனிட்டைக் குடுங்கோ' என்று யாராவது சொல்லுவார்கள். யாரும் சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன். ஒரு இத்தாலிக்காரரின் பிட்ஸாக் கடைக் குசினியில் நாள் முழுக்க அடுப்போடு கதைக்கிறவனுக்கு, ஐம்பது பேர் எழும்பி ஓட முடியாமல் பெல்ட் போட்டுக்கொண்டு முன்னால் இருப்பது லேசில் கிடைக்கிற வாய்ப்பா?

பாரிஸ் தாண்டியதும் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு சீட்டாகப் போய் ஆட்களை நக்கலடித்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வரிசையில் ஜன்னலோரமாக ஒரு அக்கா தனியே இருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மொத்தமான தாலிக்கொடி, பக்கத்துச் சீட்டில் கைப்பை மட்டும். பகிடிக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா?

"அண்ணை எங்கை, அக்கா? வீட்டிலை வைச்சுப் பூட்டிப்போட்டோ வந்தனீங்கள்?"

அக்கா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அவருக்குக் கொன்ஷே கிடைக்கேல்லைத் தம்பி" என்றார். லீவுக்கு இங்கே எல்லோரும் சொல்லுகிற பிரெஞ்சுச் சொல் அது.

முன்வரிசைகளில் நல்ல சிரிப்பு. பின்வரிசைகளில் நாலைந்து பேர் சிரிக்கவேயில்லை. அங்கே மைக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டேன்.

அதோடு விட்டேனா? இல்லை. பஸ் நிற்கிற இடமெல்லாம் அதே கதைதான். அண்ணைக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்து, சோறு வடித்துவிட்டாரா என்று கேட்கச் சொன்னேன். அவருக்குச் சோறு வடிக்க வராது, மீன் குழம்பு மட்டும் நன்றாக வைப்பார் என்றார் அக்கா. குறட்டை விடுவாரா என்று கேட்டேன். அதுக்காகத்தான் இந்த மூன்று நாளும் நிம்மதியாக நித்திரை கொள்ள வந்தேன் என்றார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்லுவார். இப்படி ஈடு கொடுக்கிற ஆளைக் கண்டு கனகாலம் என்று எனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோசம்.

அடுத்த நாள் காலை கமோலிக்குப் போனோம். துறைமுகத்தைச் சுற்றி ஆறேழு மாடி வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மஞ்சள், செம்மண், ரோஸ். கடலில் நிற்கிற ஆண்கள் தூரத்திலிருந்தே தங்கள் தங்கள் வீட்டை அடையாளம் காண வேண்டும் என்றுதான் இப்படிப் பூசினார்களாம். ஊர்ப்பெயருக்கே 'மனைவிமாரின் வீடுகள்' என்று ஒரு அர்த்தம் சொல்லுகிறார்கள் என்று எங்களைக் கூட்டிப்போனவர் விளக்கினார். ஆண்கள் எல்லோரும் மாதக்கணக்காகக் கப்பலில், ஊரில் பெண்கள் மட்டும்.

நான் உடனே, "அப்ப இது எங்கடை லெ பிளாங்-மெனில்தான். ஆம்பிளையள் எல்லாம் ரெஸ்ரோறண்டிலை, மனுசிமார் வீட்டிலை" என்றேன். பாரிஸுக்குப் பக்கத்தில் எங்கள் சனம் நிறைய இருக்கிற ஊர் அது. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் திரும்பாமல் அந்த வீடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் மனைவி வந்து கையில் நுள்ளி, என்னை ஒரு கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். பெண்கள் கழிப்பறை வரிசையில் யாரோ அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள்.

"உங்கடை வாயை நூல் போட்டுத் தைக்கோணும்" என்றாள். "அந்த அக்கான்ரை மனுசன் காணாமல் போய் நாலு வருசம்."

அக்கா முல்லைத்தீவுப் பக்கம். கணவருக்குக் கடற்தொழில். 2009இல், சண்டையின் கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக வந்துகொண்டிருந்தபோது அக்கா தண்ணீர் விடாய்க்கிறது என்று சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொண்டு வாறேன் என்று போனவர்தான். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அக்கா எப்படியோ இங்கே வந்து, லெ பிளாங்-மெனிலில் தமையன் வீட்டில் இருக்கிறார். இனி வரமாட்டார், பேசாமல் திவசத்தைச் செய்துவிடுவோம் என்று தமையன் ஐயரோடு கதைத்து அடுத்த மாதம் ஒரு நாளும் வைத்துவிட்டார். செய்தால் பொட்டும் தாலியும் போய்விடும். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்.

நான் மதில்கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். நேற்று முழுக்க நான் சொன்னதெல்லாம் என் குரலிலேயே எனக்குக் கேட்டது. மைக்கின் சத்தத்தைக் கூட்டியது வரைக்கும்.

மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. மூளை இல்லாதவன் செய்கிற மாதிரி, இரண்டு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா துறைமுகப் படியில் இருந்தார். எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஐஸ்கிறீம் உருகி முழங்கை வரைக்கும் வழிந்துவிட்டது.

"அக்கா, எனக்குத் தெரியாது. குறை நினைக்காதேங்கோ" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏதாவது கதைக்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். "அண்ணை கடற்தொழிலோ செய்தவர்?" என்று கேட்டேன்.

நேற்று நான் விட்ட பகிடி ஒன்றுக்கும் மாறாத அக்காவின் முகம் அப்போதுதான் மாறியது.

"செய்தவர் இல்லைத் தம்பி. செய்யிறவர்."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அனுதாபம் சொல்லுகிறேன் என்று போய், ஒரே சொல்லில் நான் அந்த மனிதரைக் கொன்றுவிட்டேன் என்பது விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அக்கா தன் கைக்குட்டையைத் தந்து கையைத் துடைக்கச் சொன்னார். பிறகு, பஸ்ஸில் நான் மைக்கில் பெருமையடித்ததை வைத்து, எனக்கு இத்தாலியன் தெரியும்தானே என்று கேட்டார். கொஞ்சம் மேலே ஒரு மாதா கோயில் இருக்கிறதாம். சுவர் முழுக்கக் கப்பல் படங்களாம். வாசலில் ஒரு வயதான அம்மா கொப்பியில் ஏதோ எழுதுவிக்கிறாவாம். அது என்னவென்று கேட்டுச் சொல்ல முடியுமா?

என் இத்தாலியன் குசினி இத்தாலியன். மாவு, சீஸ், முதலாளியின் ஏச்சு. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆனாலும் போனேன்.

அந்த அம்மாவின் மேசையில் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று இறந்தவர்களுக்கு, மற்றது கடலில் இருப்பவர்களுக்கு. எழுதுகிற பெயர்களைப் பூசையில் வாசிப்பார்களாம். உங்களுக்கு எது என்று அந்த அம்மா கேட்டார். நான் அதை அப்படியே தமிழில் அக்காவிடம் சொன்னேன். பாரிஸில் தமையனும் ஐயரும் கேட்ட அதே கேள்வியைத்தான் நான் இங்கே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் இங்கே இரண்டாவதாக ஒரு கொப்பியும் இருந்தது.

அக்கா இரண்டு கொப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "மற்றக் கொப்பியைத் தரச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த அம்மா, போய் எவ்வளவு காலம் என்று கேட்டார். நாலு வருடம் என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். காணாமல் போனவர் என்பதற்கு இத்தாலியனில் என்ன சொல்லுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வசனம், காலையில் சீஸ் வண்டி பிந்தினால் முதலாளிக்கு நான் சொல்லுகிறது. அதைத்தான் சொன்னேன். 'இன்னும் வந்து சேரவில்லை.'

அந்த அம்மா தலையாட்டினார். கடல் கொப்பியைத் திருப்பி அக்காவின் பக்கம் தள்ளிவைத்தார். அக்கா தமிழில் பெயரை எழுதினார். இதைப் பூசையில் எப்படி வாசிப்பார்கள் என்று நான் யோசித்தேன். அக்கா அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, நாலு வருடத்தில் அவருக்காக ஒரு வெளிச்சம் கொளுத்துவது இதுதான் முதல் தரம் என்றார். வீட்டில் விளக்குக் கொளுத்தினால் செத்தவருக்குக் கொளுத்துகிறதாக ஆகிவிடும் என்று பயமாம். அதற்குப் பிறகுதான் அழுதார். நான் சுவரில் இருந்த கப்பல்களை எண்ணுகிற மாதிரி நின்றேன்.

மூன்றாம் நாள் திரும்பி வருகிறோம். என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் இருந்துவிட்டேன். பிரான்ஸ் எல்லை தாண்டின பிறகு அக்கா எழும்பி என் சீட்டுக்கு வந்தார்.

"ஏன் தம்பி சும்மா வாறீங்கள்? நேற்றைக்கு முதல் நாள் மாதிரி என்னைக் கேளுங்கோவன்."

"என்னத்தை அக்கா?"

"அண்ணை எங்கை எண்டு." பஸ் ஆட, என் சீட்டைப் பிடித்துக்கொண்டார். "அவரைப் பற்றி இஞ்சை ஒருத்தரும் கேக்கிறேல்லைத் தம்பி. கேட்டாலும் செத்தவீட்டிலை கேக்கிற மாதிரித்தான் கேக்கினம். நீங்கள் கேட்ட மாதிரி ஒருத்தரும் கேட்கேல்லை."

மைக் முன்னால் சும்மாதான் கிடந்தது. போய் எடுக்கலாம் என்று எழும்பினேன். பின்வரிசை ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். என் மனைவி பார்த்தாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஐம்பது பேருக்கு முன்னால் பகிடிக்காரன் அழுதால் என்ன நினைப்பார்கள் என்று, அந்த நேரத்திலும் என்னைப் பற்றித்தான் யோசித்தேன். "பிறகு கேக்கிறன் அக்கா" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

அந்தத் திவசம் நடக்கவில்லை. அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தமையன் குடும்பத்தோடு பேச்சு நின்று, லியோனில் இருக்கிற ஒரு சிநேகிதியிடம் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நம்பர் வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்து நாட்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. வாயைக் கொடுத்துவிட்டு வெட்கப்பட்ட நாட்கள் என் வாழ்க்கையில் எண்ண முடியாத அளவு உண்டு, ஆனால் கேட்காமல் விட்ட ஒரு பகிடிக்காக இன்றுவரைக்கும் நான் வெட்கப்படுவது அந்த அக்காவிடம் மட்டும்தான்.