ஜோதியம்மாளுக்குச் சொல்ல வேண்டிய முடிவு

தாயும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பாசிப்பயறில் வண்டு பொறுக்கியது. வேங்கிக்கால் வீட்டு ஹாலில் கனகமாலா முறத்தைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பார்வை மங்கிவிட்டதால் பொறுக்குவது மகள் த்ரிசலாவின் வேலை. சமண வீடு, வண்டைக் கொல்வதில்லை. காகிதத்தில் ஏந்திப் போய் வாசல் செடி நிழலில் விட வேண்டும். நடுவில் ஃபோன் நாவல் படித்துக்கொண்டிருந்தது.

கனகமாலா கலெக்டர் ஆபீசில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை நாட்களில் மதிய இடைவேளையெல்லாம் குடும்ப நாவலில்தான் போனது. கண் மங்கியதும் ஒலிநாவல் போட்டுக் கொடுத்தது த்ரிசலா. சர்வர் பராமரிப்பு வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவள்.

கதையில் மூத்த மகன் தாயை மறந்து எங்கோ இருந்தான். தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

"இன்னும் ஒண்ணுதான்மா பாக்கி. போடவா?"

"பொழுது சாயுது, சாப்பிடணும். நாளைக்குச் சதுர்த்தசி விரதம், கதை கிதையெல்லாம் கிடையாது. நாளன்னிக்குக் கேட்டுக்கலாம். அவன் எங்க ஓடிடப்போறான்."

"அவன்தான் எப்பவோ ஓடிட்டானே."

கனகமாலா சிரித்துவிட்டாள். இருட்டுமுன் சாப்பிட்டு, பக்கத்து வீட்டு ஜோதியம்மாளுக்கு அன்றைய கதையைச் சொல்லப் போனாள். இடுப்பு ஒடிந்ததிலிருந்து ஜோதியம்மாள் கட்டிலோடு இருந்தாள். ஃபோனில் கேட்கச் சொன்னால் மாட்டாள். "அது பாட்டுக்குப் பேசிட்டே போவுது. கனகான்னா நிறுத்தி என்கூட சேர்ந்து திட்டுவா."

சதுர்த்தசி காலையில் கனகமாலா பூஜை அறையில் சரிந்தாள். நெஞ்சு. அதோடு முடிந்தது. மறுநாள் பௌர்ணமி, கிரிவலத்துக்காக வண்டிகளைத் திருப்பிவிட்டிருந்தார்கள். உறவினர்கள் சுற்றி வந்து சேர்ந்தார்கள்.

காரியமெல்லாம் ஆனபின் த்ரிசலா பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"மொகம் பாக்கக்கூட என்னால எழுந்து வர முடியல," என்றாள் ஜோதியம்மாள். பிறகு, "கேக்கக்கூடாது. இருந்தாலும் மனசு கேக்கல. கதையில அந்தப் பெரியவன் வந்துட்டானா?"

"கடைசி அத்தியாயம் இன்னும் கேக்கலைங்க அத்தை."

"வருவான். மாசாமாசம் லெட்டர் போட்டவனாச்சே. அம்மாவுக்கு ஸ்வெட்டர்கூட அனுப்பினானே. கேட்டுட்டு வந்து சொல்லு."

நாவலில் லெட்டர் கிடையாது. ஸ்வெட்டரும் கிடையாது. த்ரிசலாவும் கூடவே இருந்து கேட்டவள்தான்.

மேனேஜரிடம் "நெட் போயிடுச்சு சார்" என்று மகள் புளுகியதற்காக அவளோடு ஒருநாள் முழுக்கப் பேசாதிருந்தவள் கனகமாலா. விரதக்காரி. அவள்தான் இந்த இல்லாத லெட்டரையும் ஸ்வெட்டரையும் தினமும் இந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். எதிர்ச் சுவரில் ஜோதியம்மாளின் மகன் திருமலையின் படம் தொங்கியது. கனடாவில் இருக்கிறான். இடுப்பு ஒடிந்தபோதும் வரவில்லை.

அன்று மாலை த்ரிசலா கடைசி அத்தியாயத்தைத் தனியாகக் கேட்டாள். தாய் இறந்தாள். மூத்தவன் வரவில்லை. கொள்ளி வைத்தது இளையவன்.

துணி எடுக்க மாடிக்குப் போனபோது பக்கத்து வீட்டுக் கட்டிலோர ஜன்னலிலிருந்து ஜோதியம்மாளின் குரல் வந்தது. "கேட்டியாம்மா?"

"இல்லைங்க அத்தை. வேலை ஜாஸ்தி. நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாளும் அதையே சொன்னாள். மூத்தவன் எந்த பஸ்ஸில் வந்து இறங்குவான், ஆஸ்பத்திரி வாசலில் யாரிடம் வழி கேட்பான் என்பதுவரை யோசித்து வைத்திருக்கிறாள். இன்னும் போய்ச் சொல்லவில்லை.