ஆறு வேன், மீதி இரண்டு பேர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. ஆனால் நாலாம் வகுப்பில், ஒரு வகுத்தல் கணக்கோடு எல்லாம் முடிந்திருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், காங்கேயத்துப் பக்கம். அப்பா தேங்காய்க் களத்தில் காய் உரிக்கப் போவார். "டீச்சருகிட்ட இருந்து உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அடுத்த நாளே களத்துக்கு வந்துரோணும் அம்மணி" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்.

அன்றைய கணக்கு இது: கொடுமுடிக்கு ஐம்பது பிள்ளைகள் போக வேண்டும். ஒரு வேனில் எட்டுப் பேர். எத்தனை வேன் வேண்டும்? ஆறு என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"மீதி ரெண்டு பேரு?" என்றார் டீச்சர்.

லீவு நாளில் நானும் களத்தில் காய் எண்ணுவேன். ஐந்தைந்தாக எண்ணிப் போடுவோம். கடைசியில் ஐந்து சேராமல் நிற்கும் காய்கள் எண்ணியவர்களுக்கு. தோட்டத்துக்காரரே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். மீதி என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

"மீதி எங்கூட்டுக்குங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. "ரெண்டு புள்ளைங்களையும் கொழம்புக்கு அரைச்சுப்போடுவாளுங்க டீச்சர்!" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. நான் வேண்டுமென்றே கிண்டல் செய்வதாக டீச்சர் நினைத்துவிட்டார்.

"நாளைக்கு உங்கப்பாவோட வா."

வீட்டில் சொன்னேன். அப்பா திட்டவில்லை. காலையில் சைக்கிளில் என்னை ஏற்றியபோது ஹேண்டில்பாரில் இரண்டு சோற்றுத் தூக்குப்போசிகள் தொங்கின. களத்துக்கு அவர் எப்போதும் ஒன்றுதான் கொண்டுபோவார். இன்னொன்று எனக்கு, களத்துக்குத்தான்.

வகுப்பில் வருகைப் பதிவு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் கையைக் காட்டி எங்களை வாசலிலேயே நிற்கச் சொன்னார். உள்ளே எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வெளியே நாங்கள் இரண்டு பேர்.

"ஏழுங்க டீச்சர்!" என்று கத்திவிட்டேன். "ரெண்டே பேருன்னாலும் அவங்களுக்கும் ஒரு வேன் வேணுமுங்க. உட்டுப்போட்டுப் போகக் கூடாதுங்க."

டீச்சர் என்னையும் அப்பாவையும் பார்த்தார். "இத நேத்தே சொல்றதுக்கென்ன? போய் உக்காரு." பிறகு அப்பாவிடம், "ஒண்ணுமில்லீங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

"வாரேனுங்க."

அப்பா ஒரு போசியை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனார். மத்தியானம் நான் அதைத் திறக்கவில்லை. சாயங்கால மணி அடிக்கும் வரை, அவர் திரும்பி வந்து என்னைக் களத்துக்குக் கூட்டிப்போய்விடுவாரோ என்று பள்ளிக்கூடக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.